காத்தாடி நின்ற நாட்கள்

நல்லகாமன் காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து மேற்கே பார்ப்பார். தெரியாதவர்கள் மலைச்சாமியைக் கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் பார்ப்பது காத்தாடியை. எழுமலைக்கு மேற்கே மலையடிவாரத்தில் வரிசையாக நிற்கிற காற்றாலைகளில், தென்கோடியில் இருப்பது அவர் கடலை போட்டிருக்கும் காட்டுக்கு நேர் எதிரே நிற்கும். அதன் றெக்கை சுற்றினால் அவருக்கு அன்றைக்குப் பொழுது விடிந்தது. சுற்றவில்லை என்றால் விடியவில்லை, அவ்வளவுதான்.

காரணம் கேட்டால் மனுசன் வாயைத் திறக்கமாட்டார். அவருடைய ஒரே மகள் தமிழ்வாணி அந்தக் காத்தாடியில்தான் வேலை பார்க்கிறாள். காத்தாடி ஓடினால் மகள் டூட்டியில் இருக்கிறாள், சுகமாக இருக்கிறாள். நின்றால் மகள் வரவில்லை. ஏன் வரவில்லை? காய்ச்சலா, கீழே விழுந்து கையைக் காலை முறித்துக்கொண்டாளா? அங்கே தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், சொந்தக் கிணற்று மோட்டாரிலிருந்து வந்தது. மும்முனைக் கரண்டு வருகிற நேரத்துக்குக் காத்துக்கிடந்து, ரப்பர் செருப்போடு பலகை மேல் ஏறி நின்று, ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை ஒரு ஆள் அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். மோட்டார் ஓடுகிறது என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இத்தனூண்டு மோட்டாருக்கே ஆள் வேண்டுமென்றால் அம்மாம்பெரிய காத்தாடியை ஆள் இல்லாமல் எப்படி ஓட்டுவது? அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய சந்தேகமாகவே அது அவருக்குத் தோன்றவில்லை.

மகளோடு பேச்சுவார்த்தை நின்று மூன்று வருடத்துக்கு மேலாகிறது. அதற்கும் காத்தாடிதான் காரணம். காத்தாடிகள் வந்த புதிதில் மழை பொய்த்தது. இரண்டும் ஒரே வருடத்தில் நடந்துவிட்டால் ஒன்றால்தான் மற்றது என்று சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மலை மேலிருந்து இறங்குகிற மேகத்தை றெக்கை வெட்டிக் கலைத்துத் தேனிப் பக்கம் தள்ளிவிடுகிறது என்று டீக்கடையில் கிளம்பிய பேச்சு, கலெக்டரிடம் மனு கொடுக்கிற வரைக்கும் போயிற்று. மனு கொடுக்கப் போன கூட்டத்தில் முதல் ஆள் நல்லகாமன். அந்த நேரம் பார்த்துத்தான், மதுரையில் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்த தமிழ்வாணி அதே காத்தாடிக் கம்பெனியில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அல்வாப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். வீட்டு வாசலில் மனுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மழையக் கொல்ற எடத்துக்கா வேலைக்குப் போற?" என்றார் நல்லகாமன்.

"ஏம்ப்பா, காத்தாடியவிட மலை எம்புட்டு ஒசரம்? அம்புட்டு ஒசர மலையவே தாண்டி வர்ற மேகத்த இந்த றெக்கையா வெட்டும்?"

நியாயமான கேள்விதான். நியாயமான கேள்வியை நாலு பேருக்கு முன்னால் கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். நல்லகாமனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"அந்தக் காத்தாடியில ஏறுனவ என் வாசல்ல ஏறக் கூடாது."

தமிழ்வாணி அப்பனை உரித்துவைத்த பிள்ளை. அழவில்லை, கெஞ்சவில்லை. அல்வாப் பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. காத்தாடிகள் அத்தனையும் மழையில் நனைந்துகொண்டே தம் பாட்டுக்குச் சுற்றின. "காத்தாடியையும் மீறி வந்த மழையப்பா இது" என்று நல்லகாமன் டீக்கடையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே போய் மகளைக் கூட்டிவந்திருக்கலாம். இதோ தெரிகிற தூரம்தான். ஆனால் முதலில் யார் போவது என்ற ஒரு கேள்வி இருக்கிறதே, பாழாய்ப்போன கேள்வி, அது எத்தனை வீட்டை மூடியிருக்கிறது!

வீட்டில் மகள் பேச்சை எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். அவர் மனைவி இருளாயி அந்த உத்தரவை ஒருநாளும் மீறவில்லை. மகளோடு போனில் பேசுவாள். பேசியதை அவரிடம் சொல்லமாட்டாள். சாயங்காலம் பால் பீச்சும்போது பசுவிடம் சொல்வாள்.

"ஏத்தா செவலை, தமிழுக்குக் காய்ச்சல் விட்டுப்போச்சாம்த்தா. கஞ்சி குடிச்சாளாம்."

செவலை காதை ஆட்டும். முற்றத்துக் கட்டிலில் நல்லகாமன் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டிருப்பார். சேதி முடிகிற வரைக்கும் பக்கம் திரும்பாது. தெற்கோரக் காத்தாடி தமிழ்வாணி பொறுப்பில் இருக்கிறது என்பதும், அதில் ஏறினால் நம் காடு தெரியும் என்று அவள் சொன்னதும் அப்படி மாட்டின் மூலமாக வந்து சேர்ந்த தகவல்கள்தான். கொஞ்ச காலமாக மாட்டுக்குப் புதிய சேதி குறைந்துவிட்டது. நல்லா இருக்காளாம், சாப்பிட்டாளாம் என்பதோடு சரி. நல்லா இருந்தால் போதாதா என்று அவரும் விட்டுவிட்டார்.

காத்தாடி ஓடுகிற நாளில் நல்லகாமனைப் பார்க்க வேண்டும். இருட்டு பிரிவதற்குள் காட்டில் நிற்பார். களை எடுப்பார், வரப்பு வெட்டுவார், நடுநடுவே நிமிர்ந்து மேற்கே பார்ப்பார். பக்கத்தில் யாரும் இல்லையென்றால், "சாப்ட்டியாத்தா?" என்று கேட்பார். றெக்கை ஒரு சுற்றுச் சுற்றி வரும். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, தூக்குவாளியைத் திறந்து தானும் சாப்பிடுவார். மகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட நிறைவு முகத்தில் தெரியும். அந்த நிறைவுக்காகத்தான் மனுசன் உயிரை வைத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

நிற்கிற நாளில் காட்டுப் பக்கமே போகமாட்டார். போனால் கண் அங்கேதான் போகும். வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். என்ன உடம்புக்கு என்று இருளாயி கேட்டால் மூட்டுவலி என்பார். மூட்டுவலிக்கு எதற்கு இந்த மனுசன் தலையணையில் முகத்தைப் புதைக்கிறார் என்று அவளும் கேட்டதில்லை.

இந்த ஆடியில் காற்று பேயாக அடித்தது. வீட்டு ஓடு பறந்தது, வாழை சாய்ந்தது. மற்ற காத்தாடிகள் எல்லாம் கிறுகிறுவென்று சுற்ற, தெற்கோரக் காத்தாடி மட்டும் அப்படியே நின்றது. ஒருநாள் இரண்டுநாள் என்றால் பொறுத்துக்கொள்வார். வாரம் தாண்டியும் அது அசையவில்லை. பசுவிடம் கேட்கலாம் என்றால் இருளாயியும் ஊரில் இல்லை. பேரையூரில் அவள் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய்விட்டாள். போன் போட்டுக் கேட்கலாம்தான். கேட்டால், மகளைப் பற்றி வாய்திறந்து கேட்டதாகிவிடுமே! நல்லகாமன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவுமில்லை.

காதுகுத்து அன்றைக்குக் காலையில் அவரைக் கூட்டிப்போக அக்கா மகன் அருள்பாண்டி கார் கொண்டுவந்தான். மதுரை காளவாசலில் டாக்சி ஓட்டுகிறவன். பழைய டீசல் வண்டியை விற்றுவிட்டுக் கரண்டு கார் வாங்கியிருந்தான். அந்தக் காரை நல்லகாமன் டீக்கடையில் கிழிக்காத நாளில்லை. மழையில் நனைந்தால் ஷாக் அடிக்கும், வெயிலில் நின்றால் வெடிக்கும், உசிலம்பட்டி தாண்டினால் படுத்துவிடும், அப்புறம் மாடு கட்டித்தான் இழுக்க வேண்டும். "நான் பஸ்ல வாரேன், நீ முன்னால போ" என்பதுதான் வழக்கமான பதில். அன்றைக்கு அவர் மோட்டார் ரூமுக்குப் போய் அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பலகை எதுக்கு மாமா?"

"கால வைக்க."

"எங்க?"

"உன் வண்டியிலதான். வேற எங்க வைப்பாக?"

அருள்பாண்டி சிரித்த சிரிப்பில் செவலை திரும்பிப் பார்த்தது. "மாமா, பேட்டரி அடியில பெட்டிக்குள்ள பூட்டிக் கெடக்கு. ஷாக் அடிச்சா தெனமும் ஓட்டுற என்னையவுல்ல மொதல்ல அடிக்கணும்?"

"நீ எளவட்டம், தாங்குவ" என்று சொல்லிவிட்டு நல்லகாமன் முன் சீட்டுக்குக் கீழே பலகையைப் போட்டு, அதன் மேல் செருப்புக் காலை வைத்து, துண்டை மடித்து அடியில் போட்டு உட்கார்ந்தார். கைகளை மடியில் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கெளப்பு மாப்ள, எம்புட்டு நேரம்?" என்றார்.

"கெளம்பித் தெரு முக்குக்கு வந்தாச்சு மாமா. சத்தம் வராது, அதான் ஒங்களுக்குத் தெரியல."

தெற்கே பேரையூருக்குத் திரும்புகிற இடத்தில் நல்லகாமன் அவன் தோளைத் தொட்டார். "அங்குட்டுத் திருப்பாத. மேக்க விடு."

"மேக்க என்ன மாமா இருக்கு?"

"காத்தாடி நிக்குது மாப்ள. எட்டு ஒம்பது நாளா நிக்குது." குரல் உடைந்துவிட்டது. "புள்ளைக்கு என்னன்னு தெரியல."

அருள்பாண்டிக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வண்டியை மேற்கே விட்டான்.

வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் சுண்டுவிரல் அளவு தெரிகிற காத்தாடி, கீழே வந்து நின்று அண்ணாந்தால் கழுத்தை ஒடித்தது. சுற்றிலும் கம்பி வேலி. வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காவல்காரர் சங்கிலி உட்கார்ந்திருந்தார்.

"யாரப் பாக்கணும்ணே?"

"இங்க வேலை பாக்குற..." நல்லகாமன் பாதியில் நிறுத்தினார். மூன்று வருடமாகப் பெயரை வாயால் சொல்லவில்லையே. "தமிழ்வாணி."

"வாணி மேடமா? நீங்க யாரு?"

"அவ அப்பன்."

சங்கிலி எழுந்து நின்றார். எதுவோ சொல்ல வந்து, மென்று விழுங்கி, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். நல்லகாமன் உட்காரவில்லை.

"ஏன் இது நிக்குது? எம் புள்ளைக்கு ஒடம்புக்கு எதுவும் ஆயிருச்சா?"

"அதெல்லாம் இல்லண்ணே. கியர் பாக்ஸ் ரிப்பேரு. மேல ஆள் ஏறி வேலை நடக்குது. ஆள் ஏறிட்டா றெக்கைய நிறுத்திப் பூட்டிருவோம்."

"ஆள் ஏறுனா நிறுத்திருவீகளா?"

"பின்ன? ஆள் உள்ள நிக்கையில சுத்துனா என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப ஓடுகையில? ஓடுகையில யாரு ஓட்டுவா?"

"ஓடுகையில ஆளு எதுக்குண்ணே? காத்து அடிச்சா அதுபாட்டுக்கு ஓடும். ஒரு ஈ காக்கா இருக்காது."

நல்லகாமன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பேச்சு மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஓடிய நாளெல்லாம் அங்கே யாரும் இல்லை. அவர் சாப்ட்டியாத்தா என்று கேட்டது வெறும் காற்றை. நின்ற நாளெல்லாம், அவர் சுவரைப் பார்த்துப் படுத்த நாளெல்லாம், மகள் அங்கே உச்சியில் இருந்திருக்கிறாள். அப்புறம் திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப இப்ப நிக்குதே! அப்ப எம் மக மேலதான் இருக்கா!"

சங்கிலி, "அண்ணே, அண்ணே" என்று கூப்பிடுவது காதில் ஏறவில்லை. வேலியை ஒட்டி வெட்டவெளிக்கு ஓடி, காரிலிருந்து இறங்கும்போது தோளில் போட்டுக்கொண்ட துண்டை உருவி, தலைக்கு மேல் வீசினார். "தமிழூ! யாத்தா! அப்பா வந்திருக்கேன்த்தா!" மலையில் அவர் குரல் எதிரொலித்துத் திரும்பியது. அந்த வயசில், அந்த மீசையோடு, குழந்தைப் பிள்ளை போலக் குதித்துக் குதித்து வீசினார். அருள்பாண்டி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

காத்தாடியின் அடியில் இருந்த இரும்புக் கதவு திறந்தது. இடுப்பிலும் தொடையிலும் வார் கட்டிய ஒருவன் வந்தான். தாடி வைத்த பையன். பின்னால் இன்னொருவன். கதவைச் சாத்தினார்கள்.

துண்டு வீசிய கை அப்படியே நின்றுவிட்டது.

"வாணி மேடம் இப்ப இங்க இல்லண்ணே" என்றார் சங்கிலி, பக்கத்தில் வந்து, மெதுவாக. "போன ஆடியிலயே கயத்தாறு பக்கம் மாத்தலாகிப் போயிட்டாங்க. அவங்களே கேட்டு வாங்கிட்டுத்தான் போனாங்க."

போன ஆடி. ஒரு வருடம். ஒரு வருடமாக இருளாயி பசுவிடம்கூடச் சொல்லவில்லை. காத்தாடியைப் பார்த்துப் பார்த்து அவர் தூக்குவாளியைக் காலி செய்ததை அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்! அவள் மேல் கோபப்பட்டுப் பார்த்தார் நல்லகாமன். கோபம் வரவில்லை.

"ஏன் கேட்டு வாங்குனா?"

சங்கிலி சொல்லத் தயங்கினார். இவ்வளவு தூரம் வந்த மனுசனிடம் மறைப்பதும் பாவம் என்று பட்டிருக்க வேண்டும். "இதுல ஏறுற வேலைனா அவங்கதாண்ணே மொதல்ல வருவாங்க. சோத்தையும் மேலயே கொண்டுபோயிருவாங்க. அங்கன இருந்து பாத்தா எங்கப்பா காடு தெரியும், நீலக் கலர் மோட்டார் ரூம் தெரியும்பாங்க. ஆனா எறங்கி வரையில மொகம் வாடிப்போயிருக்கும். காடு காலியா கெடக்குண்ணே, எங்கப்பாவக் காணோம்பாங்க. அம்மா என்னமோ அப்பா காத்தாடியவே பாத்துக்கிட்டு இருக்காருனு சொல்லுது, நான் ஏறுற அன்னிக்கெல்லாம் அவர் அங்க இல்லம்பாங்க. காத்தாடி நின்னா நான் மேல இருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, என் மொகத்துல முழிக்கக் கூடாதுன்னுதான் வீட்டுக்குப் போயிர்றாருனு ஒருநாளு இந்த மரத்தடியில ஒக்காந்து அழுதுச்சு. மறுமாசம் போயிருச்சு."

நல்லகாமன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பியில் முள் இருந்தது. அவருக்கு உறைக்கவில்லை.

"தெரியாதே யாத்தா" என்றார், பூட்டிக் கிடந்த இரும்புக் கதவைப் பார்த்து. "நின்னா நீ இல்லேன்னுல்ல நெனச்சேன். நீ இல்லாத காட்டுல எனக்கு என்ன வேலைனுல்ல படுத்துக் கெடந்தேன்." ஐம்பத்தைந்து வயது மனுசன் ஓவென்று அழுதார். தாடிக்காரப் பையன்கள் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள" என்று கூப்பிட்டார். "ஒன் வண்டி கயத்தாறு வரைக்கும் போகுமா?"

இந்தக் கேள்விக்காக அருள்பாண்டி எத்தனையோ நாள் காத்திருந்தான். எடுத்து விடுவதற்குப் பதிலும் நிறைய வைத்திருந்தான். இப்போது அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. "போகும் மாமா. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டுத்தான் எடுத்தாந்தேன். திரும்பி வரையில வழியில கொஞ்ச நேரம் போட்டுக்கிட்டாப் போதும்."

"அப்ப விடு."

"காதுகுத்து? அத்தை கேட்டா என்ன சொல்ல?"

"செவலைகிட்டக் கேட்டுக்கச் சொல்லு."

நல்லகாமன் காரில் ஏறினார். முன் சீட்டுக்கு அடியில் கிடந்த பலகை காலை இடறியது. எடுத்து வெளியே வேப்பமரத்தடியில் போட்டார். செருப்பை எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. வேலி ஓரம் ஓடியபோது கழன்றிருக்கும். வெறுங்காலோடு உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

தார் ரோட்டுக்கு வந்ததும் அருள்பாண்டி செல்போனை நீட்டினான். "ஒரு போனப் போட்டுச் சொல்லிருவோம் மாமா. தமிழு நம்பரு என்கிட்ட இருக்கு."

"வேணாம்."

"ஏன் மாமா?"

"வராதீங்கன்னு சொல்லிப்புட்டா?"

அருள்பாண்டி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சத்தமில்லாமல் வண்டி ஓடியது. கடலைக் காடுகளும் பருத்திக் காடுகளும் பின்னால் போயின. கொஞ்ச தூரம் போன பிறகு அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மாமா, கயத்தாறு பக்கம் காத்தாடி நூத்துக்கணக்குல நிக்குமே. அம்புட்டுல தமிழு எதுல இருக்குன்னு எப்படித் தேடுறது?"

நல்லகாமன் கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடிக் காத்துடா மாப்ள, எல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ஓடுறதையெல்லாம் தாண்டிப் போய்க்கிட்டே இரு" என்றார். "எது நிக்குதோ, அங்க நிப்பாட்டு."